பதிவு எண் வாங்கிய பிறகுதான் மேசை கீழே வந்தது

விபத்துக்குப் பின் ஊன்றுகோலுடன் அரசுப் பணிக்குத் திரும்பினேன். என் இருக்கை இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்துக்கு மாற்றக் கேட்டு மேலதிகாரிக்கு மூன்று மனுக்கள் கொடுத்தேன். மருத்துவச் சான்றிதழை இணைத்தும், "பார்க்கலாம்" என்பதே பதில்.

அரசு அலுவலகம் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு ஏற்ற வசதி செய்துதர வேண்டும் என்னும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 20-ஆம் பிரிவை மனுவிலேயே காட்டியிருந்தேன். தவறவிட்டது 23-ஆம் பிரிவை. அதன்படி அரசு அலுவலகம் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும். புகாரைப் பதிவேட்டில் ஏற்றிய நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். ஏற்றாத மனுவுக்குக் கெடுவே தொடங்காது! நான்காவது மனுவை அவருக்கே எழுதி, என் நகலில் பதிவு எண்ணையும் தேதியையும் குறித்து வாங்கினேன்.

ஒன்பதாம் நாள் மேசை தரைத்தளத்துக்கு வந்தது. அப்பாடா என்றிருந்தது. பதில் திருப்தியளிக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். எனக்கு அந்த அவசியம் வரவில்லை.