குழம்பு மிளகாய்த்தூள்: வீட்டில் அரைப்பதும், உடம்புக்கு நிஜமாகக் கிடைப்பதும்

சமையலை இப்போதுதான் தொடங்கியிருக்கும் என் சித்தி மகள் போன வாரம் கேட்டாள்: "அக்கா, மஞ்சள் கேன்சரைத் தடுக்கும், வெந்தயம் சுகரைக் குறைக்கும்னு வாட்ஸ்அப்ல வந்துக்கிட்டே இருக்கே. அப்போ தினமும் குழம்பு சாப்பிட்டாலே போதுமா?"

போதாது. ஆனால் அவளிடம் அப்படி வெட்டிப் பேச மனம் வரவில்லை. ரெண்டு பேருமாக உட்கார்ந்து கொஞ்சம் தூள் அரைத்தோம். ஒவ்வொரு சாமானும் வாணலிக்குப் போகும்போது அதைப் பற்றிப் பேசினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மில்லுக்குப் போக வேண்டாம், மிக்சி போதும்.

தேவையானவை (சுமார் 200 கிராம் தூளுக்கு)

மல்லி 100 கிராம், காய்ந்த மிளகாய் 50 கிராம், துவரம்பருப்பு 15, சீரகம் 15, மிளகு 10, மஞ்சள்தூள் 10, வெந்தயம் 5 கிராம், கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. தராசு இல்லையென்றால் மிளகு குவித்த ஒரு மேசைக்கரண்டி, வெந்தயம் குவித்த ஒரு டீஸ்பூன். மிளகாயில் பாதி நீட்டு, பாதி ராமநாதபுரம் குண்டு என்று வாங்கினால் காரமும் வாசனையும் சேர்ந்து வரும்.

1. வாங்கும்போதே பாருங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வேலையில் உடம்புக்கு முக்கியமான இடம் இதுதான். மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர, லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைக் கலப்பது நம் பக்கத்து நாடுகள் உட்படப் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அப்படிப்பட்ட மஞ்சளில் 'நோய் எதிர்ப்பு சக்தி' தேடுவதில் என்ன அர்த்தம்?

ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளைப் போட்டு அப்படியே விடுங்கள். நல்ல தூள் அடியில் படியும், மேலே தண்ணீர் வெளிர் மஞ்சளாக நிற்கும். சாயம் கலந்திருந்தால் தண்ணீர் முழுக்க அடர்த்தியாக நிறம் ஏறும். இது ஆய்வகச் சோதனை அல்ல, முதல் எச்சரிக்கை மட்டும்தான். முடிந்தால் விரலி மஞ்சளாகவே வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். மிக்சியில் விரலி மஞ்சளைப் போட்டுவிடாதீர்கள், பிளேடு போய்விடும்.

2. காய வையுங்கள்

மல்லி, மிளகாய் இரண்டையும் ஒரு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். ஈரப்பதம் இருக்கும் மிளகாயில் பூஞ்சை பிடிக்கும், அதில் சிலவகை அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். நீண்ட நாள் உள்ளே போனால் அது ஈரலைப் பாதிக்கும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. கறுத்துப் போனது, உள்ளே சாம்பல் படிந்தது என்று எது கண்ணில் பட்டாலும் தூக்கி எறிந்துவிடுங்கள். மிளகாயை ஒடித்தால் டக்கென்று ஒடியணும். அதுதான் பதம்.

3. வறுக்க வேண்டிய வரிசை

இரும்பு வாணலி, சிறு தீ, எண்ணெய் வேண்டாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள், ஒவ்வொன்றும் வறுபட எடுக்கும் நேரம் வேறு.

துவரம்பருப்பு சிவக்கட்டும். மல்லி வாசனை வந்ததும் இறக்குங்கள். மிளகு ஒன்றிரண்டு வெடித்தால் போதும். சீரகத்துக்கு அரை நிமிடம்.

வெந்தயத்தில்தான் புதியவர்கள் கோட்டை விடுவார்கள். பொன்னிறம் தாண்டி ஒரு நொடி போனாலும் குழம்பே கசக்கும். வெந்தயத்தில் கரையும் நார்ச்சத்து நிறைய. அது குடலில் கொழகொழப்பாகி, சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கும். ஊற வைத்த வெந்தயம் வழவழப்பாக இருப்பதும் இதனால்தான். ஆனால் சர்க்கரை குறைந்ததாகக் காட்டிய ஆய்வுகளில் ஒரு நாளைக்கு 5 கிராமிலிருந்து அதற்குப் பல மடங்கு வரை கொடுத்தார்கள். நம் தூளில் மொத்தமே 5 கிராம்தான், அதுவும் பதினைந்து இருபது குழம்புக்கு! சுகருக்காக என்றால் வெந்தயத்தைத் தனியாகத்தான் சாப்பிட வேண்டும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு.

கறிவேப்பிலை மொறுமொறுவென்று ஆனதும் எடுத்துவிட்டு, மிளகாயைக் கடைசியாகப் போடுங்கள். முதலில் போட்டால் நெடியில் மற்றதை வறுக்க ஆளிருக்காது. அந்த நெடிக்குக் காரணம் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின். நம் நரம்புகளில் சூட்டை உணரும் ஒரு வாயில் இருக்கிறது, கேப்சைசின் பட்டாலும் அது திறந்துகொள்ளும். நாக்கு உண்மையில் சுடவில்லை, சுடுவதாக மூளைக்குத் தகவல் போகிறது. 1997இல் அந்த வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது. நரம்பு வலிக்குத் தடவும் சில களிம்புகளில் இதே கேப்சைசின்தான் இருக்கிறது.

"காரம் தின்னா அல்சர் வரும்" என்பது எங்கள் வீட்டில் தினப்படி வசனம். வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும், அடிக்கடி விழுங்கும் சில வலி மாத்திரைகளும். மிளகாய் அதை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே புண்ணோ நெஞ்செரிச்சலோ இருப்பவர்களுக்கு எரிச்சலைக் கூட்டும், அது வேறு.

4. ஆற வைத்து அரையுங்கள்

அகலமான தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். முதல் தடவை நான் பொறுமையில்லாமல் இளஞ்சூட்டோடு அரைத்து உடனே பாட்டிலை மூடினேன். உள்ளே வியர்த்து, பத்தே நாளில் கட்டி கட்டியாகிவிட்டது. ஆறியதும் விட்டு விட்டு அரையுங்கள், மிக்சி சூடேறினால் வாசனை பறந்துவிடும். கடைசிச் சுற்றில் மஞ்சள்தூளைச் சேருங்கள். சலித்து, மீண்டும் ஆறவிட்டு, ஈரமில்லாத பாட்டிலில் போடுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள தட்டு வேண்டாம், ஆவி ஏறும்.

5. குழம்பில் போடும் விதம்

நாலு பேருக்கான குழம்புக்கு 12 கிராம் தூள், அதாவது சுமாராகக் குவித்த மூன்று டீஸ்பூன். இங்கே ஒரு கணக்கு. இதில் மஞ்சள் 0.6 கிராம். மஞ்சளின் மருத்துவ குணத்துக்குக் காரணம் என்று எல்லோரும் பேசும் குர்குமின் என்ற பொருள் அதில் ஏறத்தாழ 3 சதவீதம், ஆக 18 மில்லிகிராம். ஆளுக்கு நாலோ ஐந்தோ மில்லிகிராம் வரும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998இல் வெளியான ஆய்வில் ஒருவருக்குக் கொடுத்தது 2000 மில்லிகிராம்!

அந்த ஆய்வு பிரபலமானதற்குக் காரணம் மிளகு. குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்தது மிகச் சொற்பம். மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது அது சுமார் 20 மடங்கு கூடியது. சிறு குழுவில் செய்த ஆய்வுதான், நோய் குணமானதா என்று பார்த்ததும் அல்ல. ஆனாலும் 20 மில்லிகிராம் பைப்பரின் என்பது ஏறத்தாழ பத்து மிளகு. 'பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்' என்று சொன்னவர் இதை நினைத்துச் சொல்லியிருக்க முடியாதுதான், ஆனால் எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் தூளைக் கொதிக்கிற புளித்தண்ணீரில் தூவாதீர்கள். நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, சின்ன வெங்காயம், தக்காளி வதங்கியதும் தீயைக் குறைத்து, தூளைப் போட்டு அரை நிமிடம் பிரட்டுங்கள். பச்சை வாசனை போனதும் புளிக்கரைசல். எண்ணெய் பிரிந்து மேலே வந்தால் குழம்பு தயார், அதற்குமேல் வற்ற விடாதீர்கள். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் சோதித்ததில், வேக வைக்கும்போது குர்குமின் கணிசமாகக் குறைந்தது, பிரஷர் குக்கரில் இழப்பு இன்னும் அதிகம். புளி சேர்ந்திருந்தபோது அந்த இழப்பு குறைவு.

உப்பை வழக்கமாகப் போடுவதில் முக்கால் பங்கு மட்டும் போட்டு ருசி பாருங்கள். தூள் புதுசாக, வாசனையோடு இருந்தால் மீதி கால் பங்கை நாக்கு தேடாது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம், நாமெல்லாம் சர்வசாதாரணமாக அதைத் தாண்டுகிறோம். ரத்த அழுத்தம் உள்ள வீட்டில் மஞ்சளைவிட இது பெரிய உபகாரம்.

மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு

குழம்பு கொதிக்கும்போது சித்தப்பா சமையலறைக்குள் வந்து, "நான் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறேனே, இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டார். தட்டில் இருக்கும் அளவால் பயமில்லை என்றேன். அவர் வாங்கி வைத்திருந்த குர்குமின் கேப்சூல் டப்பாவை மட்டும் எடுத்து வைத்துவிட்டேன். ஒரு கேப்சூலில் ஐந்நூறு மில்லிகிராம், கூடவே பைப்பரின். மிளகு குர்குமினை உடம்பில் தங்க வைக்கிற அதே வழியில் சில மருந்துகளையும் தங்க வைக்கும், மஞ்சள் சாறு கேப்சூல் சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. டப்பாவை அடுத்த தடவை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லியிருக்கிறேன். குழம்பை அவர் ரெண்டு கரண்டி கூடவே ஊற்றிக்கொண்டார்.