ஆறு ஸ்பீக்கர்களும் தனித்தனியாகப் பேச: வீட்டில் 5.1 இசைக் கோப்பை ஒலிக்கவிடும் முறை

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் பினாங்கு வீதி கோவில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்படும்போது சாலையோரம் நின்றிருக்கிறீர்களா? நாதசுரம் முன்னால் கேட்கும். தேங்காய் சிதறும் சத்தம் இடமும் வலமும் மாறி மாறி வெடிக்கும். முதுகுக்குப் பின்னால் யாரோ ஒரு தாய் பிள்ளையைப் பெயர் சொல்லி அதட்டிக்கொண்டிருப்பார். கண்ணை மூடிக்கொண்டாலும் எது எந்தப் பக்கம் என்று கை நீட்டிக் காட்டிவிடலாம். முன்னால் வைத்த இரண்டு ஸ்பீக்கர்களால் இந்த முதுகுப்புறத்தைக் கொண்டுவர முடியாது. சரவுண்ட் பதிவுகள் அதற்காகத்தான் பிறந்தன.

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடம் 4 மீட்டருக்கு 3 மீட்டர். அதற்குள் ஐந்து ஸ்பீக்கர்களையும், அடித்தொனிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஒன்றையும் நுழைத்து, நான்கு மாதம் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாமா வந்தார். கோவில்களில் தவில் வாசித்து ஓய்ந்தவர். ஒரு நேரடிக் கச்சேரிப் பதிவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை, மிருதங்கக்காரர் மேடையிலும் இருக்கிறார், என் முதுகுக்குப் பின்னாலும் இருக்கிறார். கைதட்டல் முன்னாலும் வருகிறது. இது எந்த ஊர் சபா?" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. என் கோப்பில் ஆறு சானல்கள் இருந்தன. வழியில் டிவி அதை இரண்டாகக் குறுக்கிவிட்டது. ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர் பெட்டி அந்த இரண்டையே நகலெடுத்து எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. சத்தம் எல்லாப் பக்கமும் வந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இந்தத் தவறு உங்களுக்கு வராமலிருக்க, நான் போய்த் திரும்பிய வழியைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

சானல் என்றால் இங்கே டிவி சானல் அல்ல. ஒரு ஸ்பீக்கருக்கென்று தனியாகப் பதிந்த ஒலி. 5.1 என்பதில் ஐந்து முழு சானல்கள்: முன் இடம், முன் வலம், நடு, பக்க இடம், பக்க வலம். அந்தப் புள்ளி ஒன்று, அடித்தொனிக்கு மட்டும்.

கோப்பின் பெயரில் 5.1 என்று இருப்பதை நம்ப வேண்டாம். விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளில் கோப்பைத் திறந்து, கருவிகள் பட்டியலில் கோடெக் விவரத்தைச் சொடுக்குங்கள். சானல்கள் என்ற வரியில் 'ஸ்டீரியோ' என்று இருந்தால் இரண்டுதான். 3 முன், 2 நடு அல்லது பின், கூடவே எல்எஃப்இ (அந்த அடித்தொனிச் சானல்) என்று இருந்தால் அசல் 5.1.

இன்னொரு அடையாளம் கோப்பின் எடை. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்த ஆறு சானல் இசை, சுருக்காத நிலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 104 மெகாபைட். ஐந்து நிமிடப் பாட்டு 500 மெகாபைட்டைத் தாண்டும். ஃப்ளாக் முறையில் தரம் குறையாமல் சுருக்கினாலும் பாதிக்கு அருகில் நிற்கும். 30 மெகாபைட்டில் 'உயர்தர 5.1 ஃப்ளாக்' என்று யாராவது கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு சிரிக்கலாம்.

கையில் கோப்பே இல்லாதவர்கள், ஓஸ்லோவிலுள்ள 2எல் என்ற இசை நிறுவனம் தன் தளத்தில் சோதனைக்காக இலவசமாகத் தரும் 5.1 ஃப்ளாக் மாதிரிகளிலிருந்து தொடங்கலாம். மேலை இசைதான், ஆனால் எந்த வாத்தியம் எங்கே இருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். சோதனைக்கு அதுதானே வேண்டும்.

படி 2: பாதையைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலானவர்கள் விழுகிற பள்ளம் இதுதான். நானும் இங்கேதான் விழுந்தேன். கடைக்காரர் ஓர் ஆப்டிகல் கேபிளைக் கையில் கொடுத்து, "டிவியிலிருந்து இதைக் கொடுத்தால் போதும் பாஸ்" என்றார். பென்டிரைவை டிவியில் செருகினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆப்டிகல் கேபிளில் சுருக்காத ஒலி இரண்டு சானல்கள்தான் போகும். டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போன்று இறுக்கிக் கட்டிய பொட்டலமாக இருந்தால் மட்டுமே 5.1 அதில் நுழையும். ஃப்ளாக்கைப் பிரித்த பிறகு வருவது சுருக்காத ஒலி. ஆறு சானல்களையும் அந்தக் கம்பியில் தள்ள வழியில்லை. அதனால் டிவி கலந்து இரண்டாக்கிவிடுகிறது. ஒரு எச்சரிக்கையும் திரையில் வராது.

டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி என்ற எச்டிஎம்ஐ துளையும் கிட்டத்தட்ட இதே கதை. அது 2009-இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. 2017-இல் வெளியான 2.1 பதிப்பின் இ-ஏஆர்சிதான் சுருக்காத பல சானல் ஒலியைச் சுமக்கும். அதுவும் டிவி, ரிசீவர் இரண்டிலும் இருக்க வேண்டும்.

பென்டிரைவை நேராக ரிசீவரின் யுஎஸ்பி துளையில் செருகினால்? பல ரிசீவர்கள் அந்தத் துளை வழியாக ஸ்டீரியோ கோப்புகளை மட்டுமே வாசிக்கும். ஆறு சானல் ஃப்ளாக்கைக் கண்டால் ஊமையாகிவிடும். உங்கள் ரிசீவரின் கையேட்டில், ஆதரிக்கும் கோப்பு வகைகளின் அட்டவணையைப் பாருங்கள். 'இரண்டு சானல்' என்ற குறிப்பு அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

நிச்சயமான பாதை ஒன்றே: மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் நேராக ரிசீவருக்கு, அங்கிருந்து இன்னொரு கேபிள் டிவிக்கு. எச்டிஎம்ஐ தன் முதல் பதிப்பிலிருந்தே எட்டு சானல் சுருக்காத ஒலியைச் சுமக்கக்கூடியது. ஆகவே விலை உயர்ந்த கேபிள் தேவையில்லை. தங்க முலாம் பூசியது என்று யாராவது சொன்னால், அந்தக் காசுக்கு நாசி கண்டார் சாப்பிடுங்கள்.

படி 3: கணினியிடம் சொல்லுங்கள்

முதலில் ரிசீவரை இயக்குங்கள், பிறகு கணினியை. மாற்றிச் செய்தால், சில நேரம் எதிர்முனையில் ஸ்டீரியோ டிவி மட்டும் இருப்பதாகக் கணினி முடிவு செய்துவிடும்.

விண்டோஸில் பழைய கன்ட்ரோல் பேனலின் ஒலிப் பகுதிக்குச் சென்று, பிளேபேக் பட்டியலில் ரிசீவரைத் தேர்ந்தெடுத்து, கன்ஃபிகர் பொத்தானை அழுத்தி 5.1 என்று வையுங்கள். அங்கே ஒவ்வொரு ஸ்பீக்கரின் படமும் இருக்கும். ஒவ்வொன்றாகச் சொடுக்கி, சத்தம் அந்த மூலையிலிருந்தே வருகிறதா என்று பாருங்கள். மேக்கில் இதே வேலையை ஆடியோ மிடி செட்டப் செய்கிறது.

பிளேயருக்கு ஃபூபார்2000 போதும், இலவசம். அதில் ரிசீவரின் பெயருக்குப் பக்கத்தில் 'எக்ஸ்குளூசிவ்' என்று இருக்கும் வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் நடுவில் கை வைக்காது. சோபாவில் அமர்ந்தபடி டிவி திரையில் ஆல்பங்களைப் புரட்ட ஆசைப்பட்டால் கோடி என்ற மென்பொருள் நல்லது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அதன் ஒலி அமைப்பில் சானல்களின் எண்ணிக்கை தொடக்கத்தில் 2.0 என்றே இருக்கும். 5.1 ஆக மாற்றாவிட்டால் மாமா மறுபடியும் வந்துவிடுவார்.

அதே பக்கத்தில் பாஸ்த்ரூ என்று ஒரு சொல் தென்படும். தோசையை இங்கேயே சுட்டு அனுப்புவதா, மாவாகக் கொடுத்து அங்கே சுட்டுக்கொள்ளச் சொல்வதா என்பதுதான் விஷயம். ஃப்ளாக்கைக் கணினியே சுட்டு, ஆறு சானல்களாக அனுப்பும். ஆனால் டால்பி அட்மாஸ் கோப்பை மாவாகத்தான் அனுப்ப வேண்டும். அட்மாஸில் ஒலிகள் 'இந்த ஸ்பீக்கருக்கு' என்று பதியப்படுவதில்லை. பல ஒலிகள் 'கூடத்தின் இந்த இடத்தில்' என்ற குறிப்போடு வருகின்றன. அந்தக் குறிப்பைப் படித்து உங்கள் வீட்டு ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தது ரிசீவர்தான். கணினி சுட்டால் குறிப்பு கருகிப்போய், வெறும் 5.1 அல்லது 7.1 மட்டும் மிஞ்சும். எனவே பாஸ்த்ரூவை இயக்கி, உங்கள் ரிசீவருக்குத் தெரிந்த வகைகளுக்கு மட்டும் குறியிடுங்கள். விண்டோஸில் கோடி மென்பொருளின் ஒலி வெளியீட்டுப் பட்டியலில் 'வாசாபி' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அட்மாஸைச் சுமந்து வரும் டால்பி ட்ரூஎச்டி வகை அதில்தான் போகும்.

முதல் தடவை எதைப் போட்டாலும் ஒலியளவு மிகக் குறைவாக இருக்கட்டும். டிடிஎஸ் குறுந்தகடுகளிலிருந்து எடுத்த சில கோப்புகள் சாதாரண வேவ் கோப்பு மாதிரி வேடமிட்டிருக்கும். பாஸ்த்ரூ சரியில்லாவிட்டால் பாட்டுக்குப் பதிலாக, எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் கொட்டியது போன்ற இரைச்சல் முழு வேகத்தில் பாயும். எங்கள் பூனை அன்று குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஏறியது. மாலைவரை இறங்கவில்லை.

படி 4: ரிசீவரின் முகப்பைப் படியுங்கள்

காதைவிட இந்தச் சின்ன விளக்குப் பலகையை நம்புங்கள். ஃப்ளாக் சரியாக வந்தால் 'மல்டி சானல்' என்றோ பல சானல் 'பிசிஎம்' (சுருக்காத ஒலி) என்றோ காட்டும். அட்மாஸ் வந்தால் அட்மாஸ் என்றே எழுத்து வரும். 'மல்டி சானல் ஸ்டீரியோ' என்று இருந்தால் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பெயர் ஒன்றுபோல இருந்தாலும், ஸ்டீரியோவை எல்லா ஸ்பீக்கர்களுக்கும் நகலெடுக்கும் முறை அது. நான்கு மாதம் எனக்குப் பெருமை கொடுத்த பெயர் அதுவே.

டால்பி சரவுண்ட், நியூரல் எக்ஸ் ஆகியவையும் ஸ்டீரியோவை விரித்துக் காட்டுபவைதான். பழைய பாடல்களுக்கு அவை மோசமில்லை. ஆனால் அசல் 5.1 கோப்புக்கு 'டைரக்ட்' அல்லது 'ஸ்ட்ரெய்ட்' முறையை வையுங்கள்.

படி 5: ஸ்பீக்கர்களின் இடம்

நீங்கள் ஒரு கடிகார முகப்பின் நடுவில், 12-ஐப் பார்த்து உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடு ஸ்பீக்கர் 12-இல். முன் இரண்டும் 11-இலும் 1-இலும். பக்க ஸ்பீக்கர்களில் வலது 3-க்கும் 4-க்கும் நடுவே 4-ஐ ஒட்டி, இடது 8-க்கும் 9-க்கும் நடுவே 8-ஐ ஒட்டி. பாகையில் சொன்னால் முன் ஜோடிக்கு 30, பக்க ஜோடிக்கு 100 முதல் 120 வரை. பதிவுக் கூடங்களுக்கான ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையும் இதுவே.

எங்கள் சோபா சுவரை ஒட்டிக் கிடந்தது. பின்னால் இடமே இல்லை. சோபாவை 60 சென்டிமீட்டர் முன்னால் இழுத்தேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது, ஆனால் பலன் கிடைத்தது. பக்க ஸ்பீக்கர்களைக் காது உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். கூரையோரம் ஆணியடித்து மாட்டினால் இசை தலைக்கு மேலே மிதக்கும்.

பிறகு ரிசீவரோடு வந்த மைக்கை உங்கள் தலை இருக்கும் இடத்தில் வைத்து, தானியங்கி அளவீட்டை ஓடவிடுங்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி எடுக்கும். அருகில் இருக்கும் ஸ்பீக்கரைச் சற்றுத் தாமதப்படுத்தி எல்லா ஒலியையும் ஒரே நேரத்தில் காதுக்குச் சேர்ப்பதும் அந்த அளவீட்டின் வேலை. அளக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்க்கும், ஐந்து நிமிடம்தான். சின்ன ஸ்பீக்கர்களாக இருந்தால், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

நம் வீடுகளின் தரை ஓடு சத்தத்தைத் திருப்பி அடிக்கும். முன் ஸ்பீக்கர்களுக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு கம்பளம் விரித்தால் வித்தியாசம் உடனே தெரியும். சப்வூஃபருக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். அது ஒலிக்காக அல்ல, கீழ்மாடி அக்காவுக்காக.

படி 6: சரிபாருங்கள்

கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டு, எழுந்து போய்ப் பக்க ஸ்பீக்கரில் காதை ஒட்டி வையுங்கள். பாடகரின் குரல் முன்னால் கேட்பதுபோல அங்கேயும் முழுசாகக் கேட்டால் எங்கோ குறுக்கம் நடக்கிறது. படி 2-க்குத் திரும்புங்கள். கூடத்தின் எதிரொலியும் ரசிகர்களின் இருமலும் கைதட்டலும் மட்டும் கேட்டால் வேலை முடிந்தது. மாமாவுக்கு இரண்டாம் முறை போட்டுக் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைதட்டல் எழுந்ததும் திரும்பிப் பின்பக்கம் பார்த்தார்.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஒரு வேலை. பிற்பகலில் மேகம் கறுத்து இடி கேட்டால், சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் ரிசீவரின் மூன்று முனை பிளக்கையே சுவரிலிருந்து கழற்றுங்கள். டிவி ஆன்டெனா கம்பியையும் இணையக் கம்பியையும் சேர்த்து. எச்டிஎம்ஐ துளை கருகிய ரிசீவரைப் பழுதுபார்க்கக் கேட்கும் பணத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இதை எழுதும்போதும் வெளியே இடிக்கிறது. என் பிளக் தரையில்தான் கிடக்கிறது.