அலர்ஜி மாத்திரை: அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காததால் வரும் தவறுகள்

தும்மல் நிற்காமல் வந்தாலோ, உடம்பில் தடிப்பு தடிப்பாக எழும்பி அரித்தாலோ பலரும் நேராக மருந்துக்கடைக்குப் போய் "ஒரு அலர்ஜி மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கெடுதல் எதுவும் நடப்பதில்லை, அரிப்பும் அடங்கிவிடுகிறது. ஆனால் அலர்ஜி மாத்திரை என்ற பெயரில் ஒரே ஒரு மருந்து இல்லை. பத்துப் பதினைந்து வெவ்வேறு மருந்துகள் அந்தப் பெயரில் புழங்குகின்றன. ஒன்றைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டலாம், இன்னொன்றைப் போட்டால் ஓட்டவே கூடாது. கீழே வரும் தவறுகளில் பாதி, அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பார்க்காததால் வருபவை.

முதலில் இந்த மாத்திரை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒவ்வாத பொருள் உடம்பில் பட்டதும் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அது எச்1 எனப்படும் ஏற்பிகளில் போய் ஒட்டும்போதுதான் அரிப்பு, தும்மல், மூக்கொழுகல், கண்ணில் நீர் எல்லாம் வருகின்றன. மாத்திரை ஹிஸ்டமினை அழிப்பதில்லை. ஹிஸ்டமின் உட்காரவேண்டிய நாற்காலியில் தான் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் மகரந்தம் பறக்கும் பருவத்தில் தும்மல் உச்சத்துக்குப் போனபின் போடுவதைவிட, டாக்டர் சொன்னபடி முன்கூட்டியே ஆரம்பித்து நாள் தவறாமல் போடுவது நன்றாகக் கேட்கிறது.

இவற்றில் இரண்டு தலைமுறைகள் உண்டு. குளோர்பெனிரமைன், டைஃபென்ஹைட்ரமைன், ஹைட்ராக்ஸிசின், புரோமெத்தசின் ஆகியவை பழையவை. இவை மூளைக்குள் எளிதாகப் புகுந்துவிடும், தூக்கம் வருவது அதனால்தான். செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், லோரட்டடின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின் ஆகியவை புதியவை. மூளைக்குள் குறைவாகவே போகின்றன. சாதாரண தும்மலுக்கும் அரிப்புக்கும் பழைய மருந்தைத் தேடிப் போகவேண்டிய அவசியமே இப்போது இல்லை என்பது என் எண்ணம்.

ஒரே மருந்தை இரண்டு பெயரில் போடுவது

காலையில் அலர்ஜிக்கு ஒரு மாத்திரை, மதியம் சளிக்கு ஒரு மாத்திரை, ராத்திரி இருமலுக்கு ஒரு சிரப். மூன்றுக்கும் பெயர் வேறு, நிறம் வேறு. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் மூன்றிலும் ஆன்டிஹிஸ்டமின், அதாவது ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து, இருக்கும். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலோடு குளோர்பெனிரமைனும் சேர்ந்திருக்கிறது. இருமல் சிரப்பிலும், கடையில் கிடைக்கும் சில தூக்க மாத்திரைகளிலும் டைஃபென்ஹைட்ரமைன் இருக்கும். தெரியாமலே அளவு இரட்டிப்பாகிவிடுகிறது.

செட்டிரிசினும் லெவோசெட்டிரிசினும் இன்னும் நெருங்கிய உறவு. செட்டிரிசினில் வேலை செய்யும் பாதியைப் பிரித்தெடுத்ததுதான் லெவோசெட்டிரிசின். அதனால்தான் பெரியவர்களுக்கு முன்னது 10 மி.கி., பின்னது 5 மி.கி. என்று அளவு வைத்திருக்கிறார்கள். இது கேட்கவில்லை, அதையும் சேர்த்துப் போடலாம் என்று நினைத்தால், போட்ட மருந்தையே இன்னொரு முறை போட்டதாகத்தான் அர்த்தம்.

அப்புறம், மற்ற மருந்துகள் கலந்த மாத்திரைகள். லெவோசெட்டிரிசினோடு மான்டிலுகாஸ்ட் சேர்ந்து வருவது உண்டு. மான்டிலுகாஸ்ட் ஆன்டிஹிஸ்டமின் அல்ல. சிலருக்குக் கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை வரலாம் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் அதற்குக் கடும் எச்சரிக்கை சேர்த்தது. வெறும் மூக்கொழுகலுக்கு, வேறு மருந்துகள் கேட்காதபோதுதான் அதைக் கொடுக்கவேண்டும் என்றும் சொன்னது. ஸ்டெராய்டு கலந்த அலர்ஜி மாத்திரைகளும் இருக்கின்றன. போட்டதும் நன்றாகக் கேட்பதால் ஆள் அதையே மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிறார். எடை கூடுவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது எல்லாம் பின்னால் வருகின்றன. எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் பழக்கம்தான்.

"எனக்குத் தூக்கமே வரல, வண்டி ஓட்டலாம்"

தூக்கம் வருகிறதா என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. அமெரிக்காவின் ஐயோவாவில் டிரைவிங் சிமுலேட்டரில் 40 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2000-ல் வெளிவந்தது. ஃபெக்ஸோஃபெனடின், டைஃபென்ஹைட்ரமைன், மது, மருந்தில்லாத போலி மாத்திரை ஆகிய நான்கையும் வெவ்வேறு நாட்களில் கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். மது குடித்தபோது ஓட்டியதைவிட டைஃபென்ஹைட்ரமைன் போட்டபோதுதான் மோசமாக ஓட்டினார்கள். ஃபெக்ஸோஃபெனடினுக்கும் போலி மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தூக்கக் கலக்கமாக இருக்கிறதா என்று அவர்கள் சொன்னதை வைத்து யார் மோசமாக ஓட்டுவார் என்று கணிக்கவும் முடியவில்லை. அதாவது, மருந்து கவனத்தைக் குறைத்திருப்பது ஓட்டுபவருக்கே தெரிவதில்லை.

பழைய மாத்திரையை ராத்திரி போட்டால் காலையில் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மை இல்லை. குளோர்பெனிரமைன் உடம்பில் வெகு நேரம் தங்கும், மறுநாள் காலையிலும் மந்தம் இருக்கலாம். செட்டிரிசினைத் தூக்கம் வராத மாத்திரை என்று சொல்லி விற்றாலும் சிலருக்கு அதிலும் தூக்கம் வருகிறது. புதிதாக ஒன்றை ஆரம்பிக்கும்போது முதல் மாத்திரையை வண்டியோ எந்திரமோ தொடவேண்டாத நாளில் போட்டுப் பாருங்கள். மதுவோடு எதையும் சேர்க்கவேண்டாம்.

மூச்சுத் திணறும்போது மாத்திரையை நம்புவது

உயிரைப் பறிக்கக்கூடிய தவறு இது. வேர்க்கடலையோ, குளவிக் கொட்டோ, ஊசி மருந்தோ, எதுவாக இருந்தாலும் சரி. ஒவ்வாமையோடு தொண்டை இறுகுவது, நாக்கு வீங்குவது, குரல் மாறுவது, மூச்சிரைப்பது, தலைசுற்றி விழப்போவது, திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது ஆகியவற்றில் ஏதாவது வந்தால் அது அனஃபிலாக்ஸிஸ் என்ற உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமையாக இருக்கலாம். அங்கே ஹிஸ்டமின் மட்டும் வேலை செய்வதில்லை, வேறு பல பொருட்களும் கொட்டுகின்றன. மாத்திரை தோல் தடிப்பைக் குறைக்கும். விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது, அடைபடும் மூச்சுப் பாதையைத் திறக்காது. வேலை செய்யத் தொடங்கவே அரை மணியோ ஒரு மணி நேரமோ ஆகும்.

அப்போது வேண்டியது அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி கையில் இருந்தால் தயங்காமல் போட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். இல்லையென்றால் உடனே அழையுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் சாய்ந்து உட்காரலாம், ஆனால் எழுந்து நடக்க விடாதீர்கள். மாத்திரை போட்டுவிட்டுக் கேட்கிறதா என்று காத்திருப்பதில்தான் நேரம் போய்விடுகிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு வீசிங் வரும்போதும் இதே கதைதான். இன்ஹேலரின் இடத்தை அலர்ஜி மாத்திரை பிடிக்கமுடியாது.

குழந்தைகளும் வயதானவர்களும்

குழந்தையைத் தூங்க வைக்க இருமல் சிரப்போ அலர்ஜி சிரப்போ கொடுப்பது எங்கேயும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது, மூச்சே அடங்கிவிட்ட சம்பவங்கள் உண்டு. சில குழந்தைகளுக்குப் பழைய மருந்துகள் தூக்கத்துக்குப் பதிலாக ஒரே ஆட்டத்தையும் அழுகையையும் கொண்டுவரும். தூங்கவில்லையே என்று இன்னொரு மூடி ஊற்றினால் ஆபத்து. அளவையும் சமையலறை ஸ்பூனால் எடுக்காதீர்கள், பாட்டிலோடு வந்த மூடியோ சிரிஞ்சோதான் சரி.

வயதானவர்களுக்குப் பழைய மருந்துகள் வேறு விதமாகத் தொந்தரவு தருகின்றன. வாய் உலர்வது, மலச்சிக்கல், சிறுநீர் அடைத்துக்கொள்வது, கண் மங்குவது, குழப்பமாகப் பேசுவது, ராத்திரி எழுந்து தடுமாறி விழுவது. புரோஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ இருந்தால் இன்னும் மோசம். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் தவிர்க்கவேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் பட்டியலில் இந்தப் பழைய ஆன்டிஹிஸ்டமின்கள் இருக்கின்றன. அப்பா திடீரென்று குழம்பிப் பேசுகிறார் என்றால், அந்த வாரம் புதிதாக என்ன மாத்திரை போட்டார் என்று பாருங்கள்.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குச் செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் அளவைக் குறைக்கவேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டே போடவேண்டும்.

ஜூஸோடு விழுங்குவது, கேட்கவில்லை என்று கூட்டுவது

ஃபெக்ஸோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் ஜூஸோடு விழுங்கினால் உடம்பில் சேரும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். தண்ணீர்தான் சரி. அலுமினியம், மக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்தையும் அதே நேரத்தில் குடிக்கவேண்டாம். பிலாஸ்டினைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் பின்போ போடவேண்டும்.

சரி, ஒழுங்காகப் போட்டும் கேட்கவில்லை என்றால்? பிரச்சினை மூக்கடைப்பாக இருக்கலாம். தும்மலுக்கும் ஒழுகலுக்கும் கேட்கிற அளவுக்கு அடைப்புக்கு இந்த மாத்திரைகள் கேட்பதில்லை. அதற்கு மூக்கில் அடிக்கும் ஸ்டெராய்டு ஸ்ப்ரேதான் மேல், அது முழுப் பலன் தரச் சில நாட்கள் ஆகும். நாள்பட்ட தடிப்புக்கு டாக்டர்கள் புதிய தலைமுறை மாத்திரையின் அளவை நான்கு மடங்கு வரை உயர்த்துவது உண்டு. ஆனால் அது இதயம், சிறுநீரகம், மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் பார்த்து எடுக்கும் முடிவு, நாமாக எடுப்பதல்ல.

சொல்லாமல் போடுவது, சட்டென்று நிறுத்துவது

எதனால் அலர்ஜி என்று தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் மாத்திரை போட்டதைச் சொல்லிவிடவேண்டும். மருந்து உடம்பில் இருந்தால் தோல் தடிக்காது, அலர்ஜி இல்லை என்று தப்பான முடிவு வரும். சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தமுடியாதவர்களுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதை இந்த மாத்திரை பாதிக்காது.

செட்டிரிசினையோ லெவோசெட்டிரிசினையோ மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தினமும் போட்டு நிறுத்தியவர்களில் சிலருக்கு, நிறுத்திய சில நாட்களில் உடம்பெங்கும் தாங்கமுடியாத அரிப்பு வந்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் இதைப் பற்றி எச்சரித்தது. அரிதாகத்தான் வருகிறது. ஆனால் தெரியாதவர்கள் பழைய அலர்ஜிதான் திரும்பிவிட்டது என்று எண்ணி, முடிவே இல்லாமல் மாத்திரையைத் தொடர்கிறார்கள். மறுபடி ஆரம்பித்ததும் பெரும்பாலோருக்கு அரிப்பு அடங்கியது, அப்புறம் அளவைப் படிப்படியாகக் குறைத்துச் சிலர் வெளியே வந்திருக்கிறார்கள். நீங்கள் நீண்ட நாளாகப் போடுகிறவர் என்றால், நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் பேசி எப்படிக் குறைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.