டிராம்போனைக் காதால் கண்டுபிடிப்பது எப்படி? புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு பயிற்சி

குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதும் பித்தளைக் கருவியான டிராம்போன் பழைய ஜாஸோடு போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஜாஸில் அதன் மவுசு குறைந்தது உண்மைதான். ஆனால் அது காணாமல் போகவில்லை, ஆட வைக்கும் இசைக்கு இடம் மாறிக்கொண்டது. ஜமைக்காவின் ஸ்கா, நியூயார்க்கின் லத்தீன் நடன இசையான சால்சா, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஃபங்க் என்று எங்கெல்லாம் கால்கள் ஆடினவோ அங்கெல்லாம் இதுவும் இருந்தது. பாட்டுக்குள் அதைத் தனியாகப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டால் இது உங்களுக்கே புரிந்துவிடும். வாசிக்கத் தெரிய வேண்டாம், மேற்கத்திய இசைக்குறிப்பும் வேண்டாம்.

படி 1: ஃபோன் ஸ்பீக்கரை மறந்துவிடுங்கள்

சாதாரண டெனர் டிராம்போனின் அடிச்சுரம் ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ். ஃபோனின் குட்டி ஸ்பீக்கரில் அந்தக் கீழ்ப்பகுதி சரியாக வராது. அதில் கேட்டால் டிராம்போனின் மேல்பாதி மட்டும்தான் காதுக்கு எட்டும், அதையும் டிரம்பெட் என்று நினைத்துக்கொள்வீர்கள். சுமாரான ஹெட்ஃபோன் ஒன்று போதும்.

படி 2: குரலை அடையாளம் காணுங்கள்

டிரம்பெட்டும் டிராம்போனும் ஒரே குடும்பம். டிரம்பெட்டின் குழாயைப் போல இரண்டு மடங்கு நீளம் டிராம்போனுக்கு, வளைவுகளை நேராக்கினால் சுமார் 2.7 மீட்டர். அதனால் அதே சுரங்கள் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். சாக்ஸஃபோன் நாணல் அதிர்ந்து வரும் ஒலி, அதில் லேசான கரகரப்பு இருக்கும். பிரெஞ்சு ஹார்னின் வாய் பின்பக்கம் பார்த்திருப்பதால் அது கொஞ்சம் தள்ளி நின்று ஒலிப்பதுபோல் இருக்கும். டிராம்போன் நேராக உங்கள் முகத்துக்கு நேரே ஊதும். மெதுவாக ஊதினால் ஆண்குரல்போல உருண்டையாக வரும், பலமாக ஊதினால் ஓரம் கிழிந்ததுபோல வரும். இந்த இரண்டாவது குணத்தை மனதில் வையுங்கள், சால்சாவுக்குப் போகும்போது தேவைப்படும்.

அடுத்தது அதன் ஸ்லைடு. மற்றப் பித்தளைக் கருவிகளில் வால்வை அழுத்திச் சுரம் மாற்றுவார்கள். இதில் குழாயையே முன்னும் பின்னும் இழுக்கிறார்கள். ஸ்லைடில் ஏழு நிலைகள், ஒவ்வொரு நிலையும் அரைச்சுரம் கீழே. நிலைகளுக்குக் குறியேதும் கிடையாது, கையும் காதும்தான் கணக்கு. மீதிச் சுரங்களை உதட்டின் இறுக்கத்தை மாற்றி எடுக்கிறார்கள்.

கர்நாடக இசையில் நாம் ஜாரு என்று சொல்லும் வழுக்கல் இதில் இயல்பாகவே வரும், ஆனால் அதற்கு எல்லை உண்டு. ஏழு நிலைகள் என்றால் நடுவில் ஆறு அரைச்சுர இடைவெளிதான். ஒரே மூச்சில், வெட்டில்லாமல் அதிகபட்சம் ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்யமம் வரைதான் வழுக்க முடியும். பாடிப் பாருங்கள், தூரம் பிடிபட்டுவிடும். அதைத் தாண்டி நீண்ட வழுக்கல் கேட்டால் கீபோர்டோ என்று சந்தேகப்படலாம்.

படி 3: ஜமைக்காவில் தொடங்குங்கள்

பலரும் பெரிய ஜாஸ் குழு நடத்திய டியூக் எலிங்டனிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன், அங்கே கூட்டம் அதிகம், புதிய காது திணறிப்போகும். 1979-இல் தி ஸ்பெஷல்ஸ் என்ற, ஜமைக்காவின் ஸ்காவை வாசித்த ஆங்கிலேயக் குழு பதிவு செய்த ‘எ மெசேஜ் டு யூ ரூடி’யைப் போடுங்கள். பாட்டு தொடங்கியதும் சோம்பலாக, கொஞ்சம் சோகமாக ஒரு மெட்டு வருகிறதே, அதில் ரிக்கோ ரோட்ரிகஸின் டிராம்போனைக் கேட்கலாம். 1967-இல் டாண்டி லிவிங்ஸ்டன் பாடிய மூலப் பாடலிலும் வாசித்தவர் இவர்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

ரிக்கோ படித்தது கிங்ஸ்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பள்ளியில். ஏழைப் பையன்களுக்கான அந்தப் பள்ளியில் இசைக்குழுவும் இருந்தது. ஸ்காவின் பாதி வாத்தியக்காரர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள் என்றால் மிகையில்லை. ரிக்கோவுக்கு மூத்தவரான டான் டிரம்மண்டும் அதே பள்ளிதான். 1964-இல் தொடங்கிய ஸ்கேட்டலைட்ஸ் குழுவில் டிரம்மண்டின் தனிவாசிப்பைக் கேட்டால், துள்ளலான தாளத்துக்கு மேல் இவ்வளவு துக்கத்தை எப்படி வைத்தார் என்று தோன்றும்.

படி 4: நியூயார்க்கில் நிறையவே தங்குங்கள்

என்னைக் கேட்டால், நவீன இசையில் டிராம்போன் ராஜாவாக இருந்த ஒரே இடம் இதுதான். 1961-இல் எடி பால்மியேரி என்ற பியானோக்காரர் லா பெர்ஃபெக்டா என்ற குழுவைத் தொடங்கினார். அப்போது லத்தீன் நடனக் குழுக்களில் டிரம்பெட் வரிசையோ, வயலினும் புல்லாங்குழலுமோ இருப்பதுதான் வழக்கம். பால்மியேரி புல்லாங்குழலை வைத்துக்கொண்டு வயலின்களின் இடத்தில் டிராம்போன்களை உட்கார வைத்தார். வயலினும் புல்லாங்குழலும் உள்ள குழுவைச் ‘சரங்கா’ என்பார்கள்; அதோடு டிராம்போனைச் சேர்த்து அவருடைய அண்ணன் சார்லி இதற்கு ‘டிரோம்பாங்கா’ என்று கேலியாகப் பெயர் வைத்தார், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பாரி ரோஜர்ஸ், ஜோசே ரோட்ரிகஸ் என்ற இருவரின் டிராம்போன்களும் சேர்ந்து உறுமும்போது மென்மைக்கு அங்கே வேலையில்லை.

அந்த உறுமலை பிராங்ஸ் பகுதியில் வளர்ந்த வில்லி கோலோன் அப்படியே பிடித்துக்கொண்டார். ‘எல் மாலோ’ என்ற முதல் ஆல்பம் 1967-இல் வந்தபோது அவருக்கு 17 வயது. நயமாக ஊதவில்லை என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. அந்த முரட்டுத்தனம்தான் அந்தத் தெருக்களின் குரலாகச் சால்சாவில் நிலைத்தது என்பேன்.

இப்போது பயிற்சி. ஹெக்டர் லாவோ பாட, கோலோன் குழு வாசித்த ‘லா முர்கா’வை எடுங்கள். தொடக்கமே டிராம்போன்கள்தான். முதல்முறை அவற்றை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை, லாவோ ஒரு வரி பாடி நிறுத்தும் இடங்களைக் கவனியுங்கள். பாடகருக்கும் டிராம்போனுக்கும் சச்சரவு நடப்பதுபோல் இருக்கும். மூன்றாம் முறை ஊதுவது ஒருவரா, இருவரா என்று பாருங்கள். இரண்டு டிராம்போன்கள் ஒரே சுரத்தில் சேரும்போது ஒலி தடிக்கும், பிரிந்து இசைவாக ஊதும்போது விரியும். இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கோலோன், ரூபென் பிளேட்ஸோடு சேர்ந்து செய்த ‘சியெம்ப்ரா’ (1978) அடுத்து. முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேளுங்கள், தப்பில்லை.

படி 5: ஃபங்க்

இதற்கு ஒரு பாட்டு போதும். 1973-இல் ஃப்ரெட் வெஸ்லியும் தி ஜே.பி.ஸ் குழுவும் வெளியிட்ட ‘டூயிங் இட் டு டெத்’. ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் பாட்டு நடுவே பேசிக்கொண்டே இருப்பார், டிராம்போன்காரர் வெஸ்லி ஒரு சில சுரங்களோடு அவருக்குப் பதில் சொல்வார். இங்கே டிராம்போன் மெட்டு பாடுவதைவிடத் தாளம் போடுகிறது. ஒவ்வொரு ஊதலும் எங்கே முடிகிறது என்று கவனியுங்கள், கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும்.

படி 6: இப்போது பின்னோக்கி, ஜாஸுக்கு

காது பழகிவிட்டது, பழையதற்குப் போகலாம். நியூ ஆர்லியன்ஸில் ஒரு காலத்தில் இசைக்குழுக்கள் வண்டியில் ஏறி ஊர் சுற்றி விளம்பரம் செய்யும். ஸ்லைடை நீட்ட இடம் வேண்டுமே என்று டிராம்போன்காரரை வண்டியின் பின்பலகையில் உட்கார வைப்பார்களாம். டிராம்போன்காரர் கிட் ஓரியின் அந்த ‘டெயில்கேட்’ (பின்பலகை) பாணியை, 1926-இல் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுவோடு செய்த பதிவுகளில் கேட்கலாம். டிரம்பெட்டின் நெருங்கிய உறவான கார்னெட் மெட்டைப் பிடித்துக்கொள்ள, கீழே டிராம்போன் வழுக்கி வழுக்கி இடத்தை நிரப்பும்.

பிறகு, பெரிய ஜாஸ் குழுக்கள் நடனத்துக்கு வாசித்த ஸ்விங் காலம். டாமி டார்சி, கிளென் மில்லர் என்ற இரண்டு நட்சத்திரத் தலைவர்களும் டிராம்போன்காரர்கள். டார்சி சுரங்களை இணைக்கும் விதத்தைக் கேளுங்கள்: எங்கும் வழுக்கல் தெரியாது, எங்கும் வெட்டும் தெரியாது. ஸ்லைடை வைத்துக்கொண்டு இதைச் செய்வது மகா கஷ்டம். 1940-இல் அவர் குழுவில் பாடச் சேர்ந்த ஃபிராங்க் சினாட்ரா, நீண்ட வரிகளை மூச்சு விடாமல் பாடுவதை டார்சியைப் பார்த்தே கற்றதாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிய குழுக்களைக் கட்டி மேய்ப்பது செலவாகிப்போனது. சிறு குழுக்களும் பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணியின் அசுர வேகமும் வந்தன, ஸ்லைடுக்கு அந்த வேகம் சுலபமில்லை. ஜே.ஜே. ஜான்சன் அதையும் செய்து காட்டினார், வால்வு வைத்த டிராம்போனோ என்று கேட்டவர்கள் குழம்பும் அளவுக்கு. இருந்தும், முன்வரிசை சாக்ஸஃபோனுக்குப் போனது போனதுதான். பின்னால் தாளம் போட்டு ஒதுங்கியிருந்த எலெக்ட்ரிக் கிட்டார் அடுத்து வந்து எல்லோரையும் தள்ளிவிட்டது.

படி 7: நிஜமா, கீபோர்டா?

1980களில் சின்தசைசர் வந்து பித்தளை வரிசையின் பிழைப்பில் மண் போட்டது. இன்றைய பாட்டில் பித்தளை ஒலி கேட்டால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். சுரத்தின் ஆரம்பத்தில் நாக்கு தட்டும் ஒலி இருக்கிறதா? நீண்ட சுரம் அசையாமல் நிற்கிறதா, லேசாக வளர்ந்து தேய்கிறதா? சுரத்துக்குச் சுரம் போகும்போது இடையில் ஒரு சின்ன வழுக்கல் தெரிகிறதா? ஒன்றுமே இல்லையென்றால் பெரும்பாலும் கீபோர்டுதான். நல்ல நிஜப் பதிவுகளிலிருந்து செய்த மென்பொருள்கள் ஏமாற்றிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சந்தேகமில்லாத நிஜம் வேண்டுமானால் டிராம்போன் ஷார்ட்டி இருக்கிறார். நியூ ஆர்லியன்ஸின் ட்ரெமே பகுதியில் 1986-இல் பிறந்த டிராய் ஆண்ட்ரூஸுக்கு, கருவியைவிடக் குட்டியாக இருந்தபோதே வாசித்ததால் வந்த பெயர் அது. 2010-இல் வந்த ‘பேக்கடவுன்’ ஆல்பத்தில் ராக் கிட்டாரும் ஃபங்க் தாளமும் அவருடைய டிராம்போனோடு மோதும். கிட்டாருக்கும் டிராம்போனுக்கும் ஒலி எங்கே பிரிகிறது என்பது கொஞ்சம் கடினமான பயிற்சி, அதனால்தான் கடைசியில் வைத்தேன். ஒருநாள் விட்டு இரண்டாம் தடவை கேளுங்கள்.