கருவிழிக்கு லேசர்: எங்கே தவறு நடக்கிறது?

கருவிழியின் மேல்பரப்பில் சுண்ணாம்புப் படிவோ, வெண்திட்டோ, பரம்பரையாக வரும் புள்ளிகளோ சேர்ந்து பார்வை மங்கினால், பி.டி.கே. என்ற லேசர் சிகிச்சையை டாக்டர்கள் சொல்வதுண்டு. கண்ணாடி போடாமல் பார்க்கச் செய்யப்படும் லேசிக்கில் பயன்படும் அதே எக்ஸைமர் லேசர்தான் இதிலும். சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் சீவ இதனால் முடியும் என்று 1981-ல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன்.

கருவி ஒன்று என்பதால் சிகிச்சையும் ஒன்று என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பி.டி.கே. பார்வையை மறைக்கும் படலத்தை எடுக்கும், கண்ணாடி போடும் தேவையைப் போக்காது. கருவிழியின் நடுப்பகுதி தட்டையாகிவிடுவதால், புதிதாகப் பிளஸ் பவர் வரவும் வாய்ப்புண்டு.

அடுத்தது ஆழம். கருவிழியின் தடிமன் நடுவில் அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நோய் மேலடுக்கில், ஏறக்குறைய 100 மைக்ரானுக்குள் இருந்தால் லேசர் உதவும். ஆழத்தில் இருந்தால் கருவிழி மாற்று சிகிச்சை தேவைப்படலாம். லேசரே வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். கருவிழி மெலிந்து கூம்பாகும் கெரட்டோகோனஸ் இருப்பவர்களுக்கு லேசிக் ஆபத்தானது. குடும்பத்தில் யாருக்காவது கருவிழி நோய் இருந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சில பரம்பரை நோய்கள் லேசிக்குக்குப் பிறகு மோசமாகும். முன்பு கண்ணில் ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்று வந்திருந்தாலும் மறைக்க வேண்டாம், லேசருக்குப் பின் அது மறுபடி கிளம்பலாம்.

சுண்ணாம்புப் படிவுக்கு லேசர்தான் முதல் வழி என்றும் இல்லை. பெரும்பாலும் ஈ.டி.டி.ஏ. என்ற மருந்தால் கரைத்தே எடுத்துவிடுவார்கள். படிவு ஏன் வந்தது என்றும் பார்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறோ, ரத்தத்தில் கால்சியம் கூடியதோ, நாள்பட்ட கண் அழற்சியோ காரணமாக இருக்கலாம். அதை விட்டுவிட்டால் படிவு திரும்ப வரும்.

சிகிச்சை முடிந்த முதல் சில நாட்கள் வலி கடுமையாகவே இருக்கும். அப்போது கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வாங்கி வீட்டில் தொடர்ந்து போட்டுக்கொள்வதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. வலி அடங்கும், ஆனால் புண் ஆறாது. கருவிழி கரைந்து ஓட்டையாகும் அளவுக்குக்கூடப் போகலாம். வலி தாங்கவில்லையா, டாக்டரைக் கூப்பிடுங்கள். பாதுகாப்புக்காக வைத்த கான்டாக்ட் லென்ஸை நீங்களாகக் கழற்றாதீர்கள். கண் அதிகமாகச் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, பார்வை திடீரென்று குறைந்தாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்திலும் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. பாதியில் நிறுத்தினால் கருவிழியில் தழும்புபோல் மங்கல் வரலாம். டாக்டரிடம் காட்டாமல் மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும். வெயிலில் போகும்போது கூலிங் கிளாஸ் போடுங்கள்.

பரம்பரை நோய் சில வருடங்களில் திரும்பி வரலாம். அதனால் பார்வை தெளிந்துவிட்டது என்று பரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னாளில் கண்புரை ஆபரேஷன் செய்ய நேர்ந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட லேசருக்கு முந்தைய அளவுகள் அந்த டாக்டருக்குத் தேவைப்படும்.