ரெண்டு ஊக்கு, ஒரு டார்ச் செல்: பிள்ளையோட உக்காந்து மோட்டார் செய்யலாம்

ஸ்கூல் ப்ராஜெக்ட்னாலே கடைல ரெடிமேடா தெர்மாகோல் எரிமலை வாங்கிக் குடுத்து அனுப்புறவங்க இதை விட்டுடலாம். ஒரு சாயங்காலம் ஒதுக்க முடியும்னா நிஜமாவே சுத்துற மோட்டார் ஒன்னு செஞ்சிடலாம், பசங்களுக்கு அறிவியல் பொம்மை செய்யக் கத்துக்குடுக்குற அரவிந்த் குப்தா செஞ்சு காட்டி நிறைய பேருக்குத் தெரிஞ்ச ஐட்டம்தான்.

டார்ச் லைட்டுக்குப் போடுற பெரிய 1.5 வோல்ட் செல், பெரிய சைஸ் ஊக்கு ரெண்டு, வட்ட காந்தம் ஒன்னு, அகலமான ரப்பர் பேண்ட் (சைக்கிள் ட்யூப்ல வளையம் வெட்டிக்கிட்டா இன்னும் இறுக்கமா நிக்கும்), எனாமல் (கரண்ட்டை விடாத பூச்சு) பூசின செம்புக் கம்பி ஒரு காயிலுக்கு ஒரு மீட்டர், அவ்ளோதான். கம்பிக்கு மோட்டார் வைண்டிங் கடைக்குப் போய் 22 அல்லது 24 கேஜ் (கம்பியோட தடிமன் நம்பர்) துண்டு இருக்கான்னு கேளுங்க, போகும்போது பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க, அங்க பம்ப் மோட்டாரைப் பிரிச்சுப் போட்டு காயில் கட்டிட்டு இருப்பாங்க, பாதி பாடம் அங்கயே நடந்துடும். ரொம்ப பவரான பட்டன் சைஸ் நியோடிமியம் காந்தம்னா வீட்ல குட்டிப் பசங்க கைக்கு எட்டக் கூடாது, ரெண்டு மூணை முழுங்குனா குடலுக்குள்ள ஒன்னோட ஒன்னு ஒட்டி ஓட்டையே போட்டுடும்.

தடியான மார்க்கர் பேனா மேல கம்பியைப் பத்துப் பன்னெண்டு சுத்து சுத்தி உருவி எடுங்க, இதுதான் காயில். ரெண்டு முனையும் அஞ்சு சென்டிமீட்டர் நீட்டிட்டு இருக்கணும், அந்த முனையையே காயில்ல ரெண்டு தடவை முடிஞ்சு, நேர் எதிரெதிரா ஒரே கோட்டுல வர்ற மாதிரி இழுத்து விடணும். இங்க கோணிப்போச்சுன்னா அப்புறம் எதுவும் சரியா வராது.

இனிமேதான் மெயின் விஷயம். ஒரு முனையைப் பிளேடாலயோ உப்புத்தாளாலயோ சுத்திச் சுத்தி முழுசா சுரண்டிடுங்க, பிளேடு உங்க கைல உப்புத்தாள் பிள்ளை கைல. இன்னொரு முனையைப் பாதி மட்டும்தான் சுரண்டணும், எப்படின்னா காயிலை மேஜை ஓரத்துக்கு வெளிய நட்டமா நிக்குற மாதிரி பிடிச்சு, கம்பியை மேஜை மேல வச்சு, மேல் பக்கத்தை மட்டும். அடிப்பக்கம் எனாமல் அப்படியே இருக்கட்டும்.

ஏன் பாதின்னு பிள்ளை கண்டிப்பா கேக்கும், உடனே சொல்லிடாதீங்க. முதல்ல ரெண்டு முனையையும் முழுசா சுரண்டின காயில் ஒன்னு செஞ்சு மாட்டிப் பாக்கச் சொல்லுங்க, ஊஞ்சல் மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுமே தவிர சுத்தாது. காந்தம் பாதிச் சுத்துக்கு முன்னாடி தள்ளும், மீதிப் பாதிக்குப் பின்னாடி இழுக்கும். அந்த மீதிப் பாதில கரண்ட்டைக் கட் பண்றதுதான் நாம விட்டு வச்ச எனாமல், வந்த வேகத்துலயே காயில் திரும்பிடும். மிக்ஸி ரிப்பேர்காரர் 'கார்பன் போயிடுச்சு'ன்னு சொல்வாரே, அந்தக் கார்பன் உரசுற பகுதியும் இதே வேலையைத்தான் பாக்குது, அங்க கட் பண்றதுக்குப் பதிலா கரண்ட்டையே திருப்பி விடும்.

செல்லோட ரெண்டு முனைலயும் ஊக்கோட தலைப்பக்கம் படுற மாதிரி ரப்பர் பேண்டால இறுக்கிடுங்க, சுருள் பக்கம் மேல பாத்து நிக்கணும். செல் மேல காந்தம், சுருள் ஓட்டைல காயில் முனைங்க, காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவுல சின்ன இடைவெளி. விரலால லேசா தட்டி விடுங்க, தானா ஸ்டார்ட் ஆகணும்னு எதிர்பாக்காதீங்க.

ஓடலன்னா நீங்க கை வைக்காதீங்க, பிள்ளையே தேடட்டும். சுரண்டின இடம் பளபளன்னு செம்பு கலர்ல இருக்கா, இன்னும் பழுப்பா இருக்கா? காயிலைச் சும்மா சுத்தி விட்டா ஒரே பக்கம் கீழ வந்து நிக்குதா? அப்போ எடை சமமா இல்ல, முனையை நேராக்கணும். ஊக்கு செல்லைத் தொடுதா?

ஓட ஆரம்பிச்சதும் காந்தத்தைக் கவுத்துப் போடச் சொல்லுங்க, எதிர்ப்பக்கம் சுத்தும். செல்லைத் திருப்பினாலும் அதே கதை, ரெண்டையும் சேத்துத் திருப்பினா என்ன ஆகும்னு முதல்ல யூகிச்சுட்டு அப்புறம் பாக்கட்டும். 1821ல விஞ்ஞானி ஃபாரடே லண்டன்ல பாதரசக் கிண்ணத்துல காந்தத்தை நட்டு வச்சு அதைச் சுத்திக் கம்பியை ஓட வச்ச கதையை இந்த நேரத்துல சொன்னா நல்லா காதுல ஏறும்.

கம்பி குட்டைங்கறதால செல் கிட்டத்தட்ட ஷார்ட் ஆகுற நிலைமைதான், சூடாகும், கொஞ்ச நேரம் ஓட்டிட்டுக் காயிலைக் கழட்டிடணும். போன் பேட்டரி, லித்தியம் செல், ப்ளக் பாயிண்ட் எதுலயும் இதை மாட்டவே கூடாது. எடுத்து வைக்கும்போதும் காயிலைத் தனியா வைங்க, இல்லன்னா ஷோவுக்குக் கொண்டு போற அன்னைக்குக் காலைல செல் செத்திருக்கும்.