லோட் பாக்ஸ் மாட்டும் முன் ஓமைப் பாருங்கள்

என்னிடம் இருப்பது கிட்டாருக்கான 50 வாட் மார்ஷல் வால்வ் ஆம்ப். அடுக்குமாடி வீடு, வாசிக்க நேரம் கிடைப்பது இரவு பத்து மணிக்கு மேல். அதனால் ஸ்பீக்கருக்குப் பதில் சுர் (Suhr) ரியாக்டிவ் லோட் என்ற லோட் பாக்ஸை மாட்டித்தான் வாசிக்கிறேன். ஆம்பின் சக்தியைச் சத்தமில்லாமல் வெப்பமாக விழுங்கும் பெட்டி அது.

முதலில் லோட் பாக்ஸின் ஓம் எண்ணை, அதாவது அது கரண்டுக்குக் கொடுக்கும் தடையின் அளவைப் பாருங்கள். சுர் 8 ஓம் மட்டும்தான். டூ நோட்ஸ் கேப்டர் என்ற இன்னொரு லோட் பாக்ஸ் 4, 8, 16 என்று தனித்தனி மாடலாக வருகிறது. அதே எண்ணுக்கு ஆம்பின் பின்புறத்தில் ஓம் தேர்ந்தெடுக்கும் திருகியையும் வையுங்கள். ஆம்ப் ஓடும்போது அதைத் தொடவே கூடாது. லோட் ஒரு நொடி விட்டுப்போனாலும் மின்னழுத்தம் எகிறும். வால்வ் சாக்கெட்டில் பொறி பறக்கும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம்.

எண் ஏன் பொருந்த வேண்டும்? 8-இல் வைத்து 8 ஓம் மாட்டினால், டிரான்ஸ்ஃபார்மர் வழியாக என் இரண்டு இஎல்34 வால்வுகளுக்கும் அது சுமார் 3,400 ஓமாகத் தெரிகிறது. 16-இல் வைத்து 8 மாட்டினால் அதில் பாதிதான். கரண்ட் கூடும், வால்வ் சீக்கிரம் தேயும்.

உண்மையில் எந்த ஸ்பீக்கரும் எல்லா ஸ்வரத்திலும் 8 ஓமாக இருப்பதில்லை. மல்டிமீட்டர் வைத்தால் 7 பக்கம் காட்டும், பயப்பட வேண்டாம். 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓம் பல மடங்கு ஏறும், அப்புறம் இறங்கும், மேல் ஸ்வரங்களில் மறுபடி ஏறும். ரியாக்டிவ் லோட் காயில், கெபாசிட்டர் வைத்து இந்த ஏற்ற இறக்கத்தையே கொடுக்கிறது. தடித்த இ கம்பி 82 ஹெர்ட்ஸ். அதை உள்ளங்கையால் அமுக்கி அடித்துப் பாருங்கள். நெஞ்சில் விழும் அந்த ‘தும்’ இதில் இருக்கும். வெறும் ரெசிஸ்டர் பெட்டியில் எனக்கு அது கிடைக்கவே இல்லை.

லோட் பாக்ஸ் தாங்கும் வாட் விஷயத்தில் தாராளமாக இருங்கள். முழுசாகத் திறந்த 50 வாட் ஆம்ப் 100 வாட் வரை தள்ளும்.

கேபிள், ஸ்பீக்கர் கேபிளாகவே இருக்கட்டும். ஆரம்பத்தில் நான் கிட்டார் கேபிளைச் சொருகி, அரை மணி நேரத்தில் பிளக் கை வைக்க முடியாத அளவு சூடாகிவிட்டது. உள்ளே கம்பி அவ்வளவு மெல்லிசு. ஸ்பீக்கர் கேபினெட்டையும் ஆம்பிலிருந்து கழற்றிவிடுங்கள். ஆம்பின் இரண்டு ஸ்பீக்கர் ஜாக்கும் பேரலல். இரண்டு 8 சேர்ந்தால் 4 ஓம்.

சரி, எல்லாம் மாட்டியாச்சா? பவர் போட்டு ஒரு நிமிடம் ஸ்டாண்ட்பையில் விடுங்கள். லோட் பாக்ஸின் லைன் அவுட்டை ஆடியோ இன்டர்ஃபேஸில் கொடுத்து, கணினியில் ஒரு கேபினெட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிவு செய்த ஃபைல்) போடுங்கள். இல்லையென்றால் ஒலி தேனீ ரீங்காரம் மாதிரி கிறீச்சிடும். வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். பெட்டி சூடாகும், மேலே எதையும் வைக்காதீர்கள்.